சந்தாப் பணமும் இணைய வாயிலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்தின் இணையதளத்திலேயே சந்தா செலுத்த வழி செய்வதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. "பணம் வந்து சேராவிட்டால் யாரைக் கேட்பது?" என்று காலனிப் பெரியோர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினா. அதற்கு விடை கூறவே நிற்கின்றோம்.

பேமெண்ட் கேட்வே என்பது நம் தளத்துக்கும் வங்கிக்கும் இடையே உள்ள வாயில். உறுப்பினர் 'செலுத்துக' என்றதும் நம் சர்வர் கேட்வேயிடம் ஓர் ஆணை எண் பெறும். தொகையை நம் சர்வரே சொல்லல் வேண்டும். உறுப்பினரின் செல்பேசி சொல்வதை ஏற்கலாகாது. ஏற்றால் 300 ரூபாயை 3 ரூபாயாக்கும் கைதேர்ந்தவர் உளர். அட்டை எண் நம்மிடம் வருவதேயில்லை. 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் அதனைச் சேமித்து வைத்தலும் ரிசர்வ் வங்கியின் விதிக்கு மாறானது.

இனித்தான் முக்கியமான இடம். 'வெற்றி' என்று திரையில் தோன்றுகிறதே, அதை நம்பி ரசீது எழுதலாமா? கூடாது. "காசு கொடுத்துவிட்டேன்" என்ற பயணியின் சொல்லை நம்பி டிக்கெட் நீட்டும் குமாஸ்தா, மாலையில் எவ்வாறு கணக்கு ஒப்புவிப்பார்? கேட்வே தன் விடையோடு ஒரு கையொப்பக் குறி அனுப்புகிறது. இரு தரப்பாருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு நம் சர்வரும் அக்குறியைக் கணக்கிடும். இரண்டும் ஒத்தால்தான் வரவு. அச்சாவி உறுப்பினர் காணும் பக்கத்தில் ஒருபோதும் இருத்தலாகாது.

பணம் கழிந்த நொடியில் இணைப்பு அறுந்தால்? சென்ற பொங்கல் விழா உணவுச் சீட்டுக்கு, வேறோர் ஏற்பாட்டின் வழியே, ஒரு குடும்பத்தார் இருமுறை கட்டியதையும், பொருளாளர்மீது வீணே ஐயம் எழுந்ததையும் நாம் மறக்கவில்லை. நாணயமான மனிதர் ஒரு மாதம் தலைகுனிந்து நடந்தார்! இதற்காகவே வெப்ஹூக் என்னும் ஏற்பாடு உள்ளது. உறுப்பினரின் திரை அணைந்தாலும் கேட்வே நேரே நம் சர்வருக்குச் செய்தி சொல்லும். அச்செய்தி இருமுறை வருதலும் உண்டு. ஆதலின் ஒரே பண எண்ணைப் பதிவேடு மறுமுறை ஏற்கா வண்ணம் அமைத்தல் வேண்டும்.

வசூல் உடனே வங்கிக்கு வராது. கட்டணம் கழிந்து ஓரிரு நாளில் வரும். அதனை ஒப்பிடும் பொறுப்பைப் பொருளாளரோடு இன்னொருவருக்கும் அளிக்கக் கோருகின்றோம்.

ரொக்கமாகத் தரும் முதியோர்க்குப் பழைய ரசீதுப் புத்தகம் எப்போதும்போல் உண்டு.