ஞாயிறு வாசகத்தைத் திங்களன்றே திறப்போம்



வீடு மந்திரிக்கவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கவும் போகும்போது, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் திருவிவிலியத்தைப் பார்க்கிறேன். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, சீரியல் விளக்கு வெளிச்சத்தில் அழகாக வைத்திருக்கிறார்கள். திருமணத்தின்போது கொடுத்ததாக இருக்கும். திறந்து பார்த்தால், அடையாள நாடா அச்சகத்தில் வைத்த பக்கத்திலேயே இருக்கிறது. "வாசிக்கணும்னு ஆசைதான் சாமி, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல" என்கிறார்கள். சிலர் புத்தாண்டு அன்று தொடக்கநூலில் உற்சாகமாகத் தொடங்குகிறார்கள். தவக்காலம் வருவதற்குள் லேவியர் நூலில் வண்டி நின்றுவிடுகிறது!

இன்னும் சிலர் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் படுகிற வசனம் தமக்கென்று ஆண்டவர் தந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசவேண்டியிருக்கிறது. ஒரு தாய், மகன் மருத்துவமனையில் கிடந்த ஓர் இரவில் அப்படித் திறந்திருக்கிறார். வந்தது இணைச்சட்டம் 28ஆம் அதிகாரம், சாபங்கள் வரிசையாக வருகிற பகுதி. நோயும் வெப்பும் உன்னைத் தொடரும் என்கிற பொருளில் அங்கே பல வசனங்கள் உண்டு. ஆண்டவர் தம்மைத் தண்டிக்கிறார் என்றே அந்தத் தாய் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலையில் அழுதபடி வந்தார். அதே புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, அந்த அதிகாரத்தின் முதல் 14 வசனங்களை வாசிக்கச் சொன்னேன். அவை ஆசிகள். பிறகு 30ஆம் அதிகாரத்துக்குப் போனோம். சிதறுண்ட மக்களை ஆண்டவர் இரக்கம் கொண்டு திரும்பச் சேர்ப்பார் என்று அங்கே மோசே சொல்கிறார். வழி தவறிய ஒரு மக்களினத்தைத் தம்மிடம் திரும்ப அழைக்கும் உடன்படிக்கைப் பேச்சு அது. ஒரு தாயின் பிள்ளைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வாசித்தால், வாழ்வு தரும் நூலே நெஞ்சை அடைக்கும் கல்லாகிவிடுகிறது.

"புனித அகுஸ்தீனார் அப்படித்தானே திறந்தார்?" என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 386ஆம் ஆண்டு, மிலான் நகரில், எடுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு குழந்தையின் குரலைக் கேட்டு அவர் திறந்தது உண்மை. ஆனால் அவர் கையில் எடுத்தது, ஏற்கெனவே அவர் வாசித்துக்கொண்டிருந்த பவுலடியாரின் திருமுக ஏடு. அதற்கு முன்பு ஆயர் அம்புரோசின் மறையுரைகளைத் தவறாமல் கேட்டு வந்தவர் அவர். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கிற நாம், அதற்கு முந்தைய மாதங்களை மறந்துவிடுகிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? நீங்கள் தேட வேண்டாம். திருச்சபையே தேர்ந்து கொடுத்திருக்கிறது. வரும் ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்போகும் நற்செய்தியைத் திங்கட்கிழமை இரவே திறந்துவிடுங்கள். அதிகார எண்கள் பங்கு மடலிலும், கத்தோலிக்க நாட்காட்டியிலும் இருக்கின்றன. மூன்று ஆண்டுச் சுழற்சியில் முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் இவற்றுக்கிடையே தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் நிறைய வருகிறார். தேவையானவை ஒரு பென்சில், 40 பக்க நோட்டு ஒன்று, 15 நிமிடம். புத்தகம் வாங்குவதாக இருந்தால், இணைத் திருமுறை நூல்கள் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் மொத்தம் 73 நூல்கள் இருக்கும். கைப்பேசியில் வாசிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த 15 நிமிடத்துக்குள் வாட்ஸ்அப் நான்கு முறை கூப்பிடும்.

முதலில் தூய ஆவியாரிடம் ஒரு சிறு மன்றாட்டு. பிறகு பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் மேய்ந்தால் தெரிந்த கதைதானே என்று மனம் தாண்டிப் போய்விடும். நாக்கு அப்படித் தாண்டாது. இரண்டாம் முறை பென்சிலோடு வாசியுங்கள். யார், எங்கே, யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எது புரியவில்லை என்று பாருங்கள். புரியாததற்கு நோட்டில் ஒரு கேள்விக்குறி. மூன்றாம் முறை, அந்த இடத்தில் நீங்களே நிற்பதாக எண்ணி மெதுவாக. அதற்குப் பிறகு ஆண்டவரோடு உங்கள் சொந்தச் சொற்களில் பேசுங்கள். இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் கீகோ என்பவர் வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆழ்ந்த அமைதியில் இருத்தல் என்று நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை எழுதி வைத்தார்.

வரும் ஞாயிறு பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு. நற்செய்தி மாற்கு 10:46-52, பார்வையற்ற பர்த்திமேயு. ஏழே வசனங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

இடம் எரிகோ. எருசலேமுக்கு அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், மேடேறிச் செல்லும் பாதை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: எருசலேமை நெருங்கிவிட்டார்கள். அப்படியென்றால் இயேசு தம் சாவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். அந்த நடையைத்தான் ஒரு பிச்சைக்காரர் தம் கூக்குரலால் நிறுத்துகிறார்! நலம் பெற்றவர்களின் பெயரை மாற்கு பெரும்பாலும் சொல்வதில்லை. இவருடைய பெயரைச் சொல்கிறார், தந்தை பெயரோடு. 'பர்' என்றால் அரமேய மொழியில் மகன்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். சென்ற ஞாயிறு நாம் கேட்டது, யாக்கோபும் யோவானும் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்ட நிகழ்ச்சி. அங்கே 36ஆம் வசனத்தில் இயேசு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று. இங்கே 51ஆம் வசனத்தில் பர்த்திமேயுவிடமும் அதே கேள்விதான். இரண்டையும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். கூடவே நடந்த சீடர்கள் பதவி கேட்டார்கள். வழியோரத்தில் கிடந்தவர் பார்வை கேட்டார். யாருக்கு உண்மையில் கண் தெரியவில்லை என்று மாற்கு நம்மிடமே விட்டுவிடுகிறார்.

இன்னும் கொஞ்சம் பின்னால், 8:22இல், பெத்சாய்தாவில் இன்னொரு பார்வையற்றவர். அவருக்கு முதல் தடவை தொட்டபோது எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. மனிதர்கள் மரங்களைப் போல நடமாடினார்கள். இரண்டாம் முறை தொட்ட பிறகே தெளிவு. அந்தப் பார்வையற்றவருக்கும் பர்த்திமேயுவுக்கும் இடையில் இயேசு தம் பாடுகளை மூன்று முறை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீடர்கள் சறுக்குகிறார்கள்: பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார், அடுத்து தங்களுள் யார் பெரியவர் என்று வாதாடுகிறார்கள், கடைசியில் இந்த இருக்கை விவகாரம். பெத்சாய்தா நிகழ்ச்சியும், 10:32-34இல் வரும் மூன்றாம் முன்னறிவிப்பும் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. கோவிலில் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இந்தத் தொடர்பு கிடைக்காது. வீட்டில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்தார் என்று ஒரு சிறு செய்தி வருகிறது. ஏன் சொல்ல வேண்டும்? விடுதலைப் பயண நூல் 22ஆம் அதிகாரத்தில், ஏழையின் மேலுடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இரவில் போர்த்திப் படுக்க அவனுக்கு வேறு கிடையாது. அதை எறிந்துவிட்டு வருகிறார் இவர். இதே 10ஆம் அதிகாரத்தில் ஒருவர் சொத்து மிகுதியாக இருந்ததால் வருத்தத்தோடு திரும்பிப் போனார் அல்லவா? பார்வை பெற்ற பர்த்திமேயுவோ வீட்டுக்குப் போகவில்லை. இயேசுவைப் பின்தொடர்ந்து அந்த வழியிலேயே நடக்கிறார், எருசலேமை நோக்கி.

அடிக்குறிப்பைப் பார்த்தால் மத்தேயு 20, லூக்கா 18 என்று ஒத்த பகுதிகள் இருக்கும். மத்தேயுவில் பார்வையற்றோர் இருவர். "எது சரி சாமி?" என்று கேட்பீர்கள். நற்செய்தியாளர்கள் தங்களுக்குக் கிடைத்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, தங்கள் சபைகளின் நிலைக்கேற்ப, ஆனால் இயேசுவைப் பற்றிய உண்மையையே எழுதினார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் விளக்குகிறது. ஒரு பகுதியை முழு விவிலியத்தின் ஒருமையோடும், திருச்சபையின் வாழும் மரபோடும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே ஏட்டின் வழிகாட்டுதல். திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி தேரில் அமர்ந்து எசாயாவை வாசிக்கிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், வழிகாட்ட ஆளில்லையே என்று வெட்கப்படாமல் சொல்லி, அவரை ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். உங்கள் நோட்டில் உள்ள கேள்விக்குறிகளை அன்பியக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கேயும் தீராவிட்டால் பங்குத்தந்தையிடம் கொண்டு வாருங்கள். மறையுரை தயாரிக்கிற எங்களுக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

பிரிந்த சபைச் சகோதரர்கள் வசன எண்ணோடு சரளமாகப் பேசும்போது நம்மவர்கள் கூனிக்குறுகுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய ஆர்வத்தை மதிப்போம். ஆனால் யாரையும் வாதத்தில் வெல்வதற்காக நாம் படிக்கவில்லை. பர்த்திமேயு எழுப்பிய இரக்கத்துக்கான குரலைத்தான் ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் நாம் எழுப்புகிறோம். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துகொண்டு எழுப்பவே படிக்கிறோம்.

எழுத்து தெரியாத பெரியவர்கள் வருந்த வேண்டாம். பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். பல நூற்றாண்டுகளாக நம் முன்னோரில் பெரும்பாலோர் காதால்தான் நற்செய்தியைப் பெற்றார்கள். பிள்ளை தப்பாக வாசித்தால் உடனே திருத்த வேண்டாம், முழுவதும் வாசிக்கட்டும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். மாற்கு 8:22 முதல் 10:52 வரை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 வசனம் வாசித்தால் சனிக்கிழமை இரவு பர்த்திமேயுவிடம் வந்துவிடுவீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில், இயேசு அவரிடம் கேட்ட கேள்வியை உங்கள் கையெழுத்தில் இன்றிரவே எழுதிவையுங்கள். கீழே இடம் காலியாக இருக்கட்டும். சனிக்கிழமை வாசித்து முடித்ததும், ஆண்டவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அந்த இடத்தில் எழுதி, மடித்து, ஞாயிறு திருப்பலிக்கு எடுத்து வாருங்கள்.