பெங்களூர் ரோஜா வெங்காயம்

கர்நாடக மாநிலத்துக் கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களிலும் பெங்களூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒருவகை வெங்காயம் விளைகிறது. கருஞ்சிவப்பு நிறம், தட்டையான அடி, உருவில் சிறியது, காரத்தில் பெரியது. பெங்களூர் ரோஜா என்பது அதன் பெயர். ஆனால் பெங்களூர்ச் சமையற்கட்டில் அதனைக் காண்பது அரிது. அங்கு வாழும் தமிழன்பர்கள்கூட நம்முடைய சாம்பார் வெங்காயத்தையே நாடுகின்றனர். இரண்டும் வேறு வேறு. நம் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயாகவே நடுகிறோம். ஒரு தூரில் பல திரளும். ரோஜா வெங்காயமோ விதை தூவி, நாற்றுவிட்டு, பிடுங்கி நடுவது.

அதை விரும்பி வாங்குவோர் கடலுக்கு அப்பால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இருக்கின்றனர். ஆகவே கப்பல் நின்றால் அந்த விவசாயிக்கு வேறு சந்தை இல்லை.

அரசாங்க அறிவிக்கைகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு சொல் எத்தனை பொருளைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும் என்பதை நாள்தோறும் காண்கிறோம். 2019 செப்டம்பர் 29 அன்று எல்லா வகை வெங்காயத்தின் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. உள்நாட்டு விலையைத் தணிப்பதே நோக்கம். அந்நோக்கத்தில் நமக்குக் குறை காணத் தோன்றவில்லை. எனினும் இந்நாட்டார் உண்ணாத வெங்காயத்தைத் தேக்கி வைத்தால் டில்லிச் சந்தையில் விலை எங்ஙனம் இறங்கும்? ஒரு மாதம் கழிந்தபின், சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும் 9,000 டன் அனுப்ப இசைவு கிடைத்தது. அறுவடை செய்த காய் அதுவரை அழுகாமல் காத்திருக்குமா என்று யாரும் அதனைக் கேட்கவில்லை! மறு ஆண்டும் அவ்வாறே தடை. அக்டோபரில் 10,000 டன்னுக்கு விலக்கு.

இத்தனைக்கும் 2015-ஆம் ஆண்டிலேயே இவ்வெங்காயம் புவிசார் குறியீடு பெற்றுத் தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. ஓர் ஏட்டில் தனிப்பெயர், மற்றோர் ஏட்டில் வெறும் வெங்காயம்.

2023 ஆகஸ்டில் வெங்காயத்தின்மேல் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி விழுந்தது. செப்டம்பர் இறுதியில் ரோஜா வெங்காயத்திற்கு விலக்கு வந்தது. சரக்கு இன்னதென்றும் இவ்வளவென்றும் கர்நாடகத் தோட்டக்கலை ஆணையர் சான்று தரவேண்டும் என்பது நிபந்தனை. 2024 மே மாதத்திலும் அதே வரிசைதான்: முதலில் வரி, மாதக் கடைசியில் விலக்கு. 2025 ஏப்ரல் முதல் நாள் அவ்வரியே நீக்கப்பட்டது.