நீலத்தின் அடியில்



நாங்கள் வகுப்பில் விரித்த தேசப்படங்களில் சமுத்திரம் வெறும் நீலம். அந்த நீலத்தின் அடியை வரைந்து காட்டியவர் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி. பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம் அது. ஆண்கள் கடலில் எடுத்துவந்த ஆழ அளவீடுகளை அவர் கரையிலிருந்தே வரைந்தார். 1950களின் தொடக்கத்தில், அத்திலாந்திக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சிநெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு அவருக்குத் தெரிந்தது. கண்டங்கள் விலகுவது உண்மையானால், நிலம் பிரியவேண்டிய இடம் அதுதான்.

உடன் பணிசெய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சென்று ஒதுக்கினார். (நாங்களும் கேட்டிருக்கிறோமே!) பின்னர் புவிநடுக்க மையங்களைக் குறித்த படத்தை அதன்மேல் வைத்தார்கள். புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக விழுந்தன. ஹீசனும் ஏற்றுக்கொண்டார்.

தார்ப் ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968இல்தான்.