தோல் வட்டாரத்தாரின் வெளிநாட்டுப் பயணங்கள்

இந்தியர்கள் வெளிநாடு புறப்பட்ட எண்ணிக்கை 1991இல் ஏறத்தாழ 19 லட்சம், 2019இல் 2.69 கோடி. பெருந்தொற்று ஆண்டான 2020இல் அது 73 லட்சத்துக்கு வீழ்ந்தது, 2023இல் 2.79 கோடியாகி முந்தைய உச்சத்தைத் தாண்டியது. இது புறப்பாடுகளின் கணக்கு, ஆட்களின் கணக்கல்ல. ஆண்டில் நான்கு முறை ஹாங்காங் போகும் ஏற்றுமதியாளர் இதில் நான்கு பேராகவே நிற்கிறார். ஆம்பூர்க்காரர் சென்னையில் விமானம் ஏறினாலும் பெங்களூரில் ஏறினாலும் அவருடைய ஊர் இந்தக் கணக்கில் தெரிவதில்லை. ஆகவே இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களின் பயணப் போக்கை அறிய, அங்கிருந்து காலந்தோறும் என்ன சரக்கு கப்பலேறியது என்பதிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலே நெடுங்காலம் இவ்வட்டாரத்தின் முதன்மைச் சரக்கு. சென்னை வணிக நிறுவனங்கள் வழியே அது லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. விலை அங்கே முடிவானதால் டேனரி உரிமையாளர் பெரும்பாலும் சென்னைப் பெரியமேடு வரை வந்தாலே போதுமானதாக இருந்தது.

தோல் ஏற்றுமதி பற்றிய சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகள் இந்த ஏற்பாட்டைப் புரட்டிப்போட்டன. 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆவாரம்பட்டைத் தோல் போன்ற பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஏற்றுமதி முழுதும் பதனிட்ட தோலுக்கு மாறியது; அதை ஏலக்கூடத்தில் குவித்து விற்க முடியாது. நிறம், கனம், மென்மை எல்லாம் வாங்குபவருக்கு வாங்குபவர் மாறும். நிறங்களோ பருவத்துக்குப் பருவம் மாறும். வாங்குபவரின் முன்னால் தோலை விரித்துக் காட்டி, அவர் கைபடத் தொட்டுப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுவர வேண்டியதாயிற்று. ஹாங்காங் தோல் கண்காட்சியும், போலோன்யாவில் நடந்து பின்னர் மிலானுக்கு மாறிய லினியாபெல்லே கண்காட்சியும் இப்படித்தான் வட்டாரத்தின் நாட்காட்டியில் இடம்பிடித்தன. அந்நியச் செலாவணி இறுக்கமாக இருந்த அந்தக் காலத்தில், டாலர் ஈட்டித் தந்தவருக்கு வெளிநாடு செல்லும் வழி மற்றவர்களைவிட எளிதாகத் திறந்தது. 1999ஆம் ஆண்டின் செலாவணி மேலாண்மைச் சட்டமும், 2004இல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கி இன்று ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதிக்கும் பணம் அனுப்பும் திட்டமும் அந்த வழியைக் குடும்பச் சுற்றுலாவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அகலமாக்கின.

காலணியின் மேற்பகுதியான அப்பரும் முழுக் காலணியும் ஏற்றுமதியில் மேலேறியபின் பயணியும் மாறினார். முதலாளியோடு வடிவமைப்பாளர், மெர்ச்சண்டைசர் போன்ற மாதச் சம்பளக்காரர்களும் சாம்பிள் பெட்டியோடு கிளம்பினர். காலணித் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. சாம்பிள் பெட்டியோடு புறப்படுவோரில் அவர்களைக் காண்பது அரிது. வட்டாரப் பயண வரலாற்றில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை. இதைக் கடந்துபோகக் கூடாது.

வட்டாரத்து முஸ்லிம்களுக்கு வணிகத்துக்கு ஈடான இன்னொரு பெருவழி மக்கா, மதீனா. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் 1995இல் நின்றது. அதன்பின் பயணம் முழுக்க விமானத்தில்தான். ஹஜ் எண்ணிக்கையைச் சவூதி அரசின் ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. 2023இல் இந்தியாவுக்குக் கிடைத்தது 1,75,025 இடம். எனவே அதை வைத்து ஓர் ஊரின் வசதியையோ விருப்பத்தையோ அளக்க முடியாது. அத்தகைய ஒதுக்கீடு இல்லாத உம்ரா புனிதப் பயணமே அதற்கு நம்பகமான அளவுகோல். புறப்படும் இடத்தைப் பார்ப்பதும் ஏமாற்றும்: 2022இல் சென்னை, ஹஜ் புறப்பாட்டு மையங்களில் இல்லாததால் தமிழகத்தின் ஹஜ் குழுப் பயணிகள் கொச்சி வழியே சென்றனர், மறு ஆண்டு சென்னை திரும்பக் கிடைத்தது.

வளைகுடா வேலைக்குச் செல்வோர் மூன்றாம் வகை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற்றுச் செல்வதால் அவர்களைப் பற்றிய பதிவு ஓரளவு உண்டு. படித்தவர்கள் அந்தப் பதிவிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

ஊர்வாரியான கணக்கைத் தொகுக்க மூலங்கள் இல்லாமல் இல்லை. வேலூர் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தின் விண்ணப்பங்கள், மாநில ஹஜ் குழுவின் பயணிகள் பட்டியல், தோல் ஏற்றுமதிக் கழகத்தின் கண்காட்சிப் பதிவுகள் ஆகிய மூன்றையும், பெயர்களை நீக்கி, அஞ்சல் குறியீட்டின்படி பிரித்துப் பெற்றால் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தனித்தனியே காண இயலும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், பழைய மாவட்டக் கணக்கோடு புதியதை ஒப்பிடவும் அஞ்சல் குறியீடே உதவும்.