தாபரிப்புக் கட்டளை மாறக் கூடாததா?

 

தலாக்கோடு கணவன், மனைவி என்ற உறவு முடிந்துவிடலாம். வாப்பா என்ற உறவு முடிவதில்லை. இதனை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆயினும், காதி நீதிமன்றம் ஒருமுறை விதித்த தாபரிப்புத் தொகை என்றென்றைக்கும் மாறாதது என எண்ணிப் பல தாய்மார் மௌனமாக இருந்துவிடுகின்றனர்.

2015ஆம் ஆண்டில் மூன்று வயதுக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபா என்று கட்டளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அன்று அது பால்மாவுக்கும் உடுப்புக்கும் ஓரளவு போதுமாக இருந்திருக்கும். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தது. பிள்ளையும் வளர்ந்து கொப்பி, சப்பாத்து, வகுப்புக் கட்டணம், பஸ் காசு என்று கேட்டு நிற்கிறது. தொகை மட்டும் அதே 4,000!

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இதற்கு வழி வைத்துள்ளது. விதிக்கப்பட்ட தாபரிப்பைக் கூட்டித் தருமாறும் காதியிடம் கோரலாம், குறைக்குமாறும் கோரலாம். காதியின் முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. உங்கள் வழக்கை நீங்களே பேச வேண்டும். அங்கே போய் அழுதுவிட்டு, கணக்கைச் சொல்ல மறந்து வீடு திரும்பும் சகோதரிகள் உள்ளனர். ஆகவே பழைய கட்டளையின் பிரதி, பாடசாலைச் செலவுப் பற்றுச்சீட்டுகள், மருந்துத் துண்டுகள் ஆகியவற்றோடு மாதச் செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இளைஞர்களே, எழுதத் தெரியாத உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ அந்தத் தாளை நீங்கள் எழுதிக் கொடுக்கலாமே!

“வீட்டு மானம் போய்விடும்” என்று தடுப்போர் உண்டு. கணவர் அபூஸுஃப்யான் தமக்கும் பிள்ளைகளுக்கும் போதியதைத் தருவதில்லை என ஹிந்த் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை; நியாயமான அளவில் போதியதை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

தந்தையரே! வெளிநாட்டு வேலை பறிபோயிருக்கலாம், கடை மூடப்பட்டிருக்கலாம். நெருக்கடியில் இருப்பவர் தமக்கு அல்லாஹ் தந்ததிலிருந்து செலவிடட்டும் என்ற கருத்தை ஸூரத்துத் தலாக்கின் 7ஆம் வசனத்தில் காண்கிறோம். எனவே குறைக்கக் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் கேட்காமல் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். புதிய கட்டளை வரும்வரை பழையதே செல்லும். நிலுவை ஏறினால், நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிடப்படலாம். “பிள்ளையைப் பார்க்க விடுகிறாளில்லை, ஆதலால் காசில்லை” என்ற பேச்சும் வேண்டாம். அது வேறு முறைப்பாடு; அதற்குரிய இடத்தில் தனியே சொல்லுங்கள். இந்தக் கோபத்தில் பசியோடு இருப்பது உம்மா மட்டுமல்ல, உங்கள் பிள்ளையும்தான்.

காதியின் தீர்ப்பில் திருப்தியில்லாத எத்தரப்பினரும், காலம் தாழ்த்தாது காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.