44 வயசுல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: ஒரு ரப்பர் கடைக் கணக்கு

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நான் பத்மநாபபுரத்துல இருந்து பேசுறேன். கன்னியாகுமரிக்கு டூர் வந்தவங்க எங்க ஊர் அரண்மனையைப் பார்த்திருப்பீங்க. தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கிற அரண்மனை. அதுக்குப் பக்கத்துல என் வீட்டுக்காரர் இளநீர் விக்கிறார். நான் தக்கலையில ஒரு ரப்பர் ஷீட் வாங்குற கடையில கணக்கு எழுதுறேன்.

பிளஸ் டூ முடிச்சதும் கல்யாணம். மகன் காலேஜ் போன பிறகு, 38 வயசுல, இக்னோவுல பி.சி.ஏ. சேர்ந்தேன். அங்க வயசு வரம்பு கிடையாது. குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷத்துல முடிக்கணும். மத்த பேப்பர் எல்லாம் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணிட்டேன். ஆறாவது வருஷம் ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. இதை விட்டா அஞ்சு வருஷப் படிப்பும் போச்சு.

அந்த நேரத்துல ஒரு ப்ராஜெக்ட் சென்டர் நம்பர் கிடைச்சுது. எந்த ஊர், என்ன பேருன்னு சொல்ல வேண்டாம், உங்க காலேஜ் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கும். போன்ல ஒரு பையன் சொன்னான்: "கோடிங், ரிப்போர்ட், பிபிடி, வைவா கேள்வி-பதில் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் மேடம். ஒரு வாரத்துல கையில இருக்கும்." கிட்டத்தட்ட என் ஒரு மாசச் சம்பளம். பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் அந்தப் பணத்தைப் பர்ஸ்ல வச்சுக்கிட்டே சுத்தினேன்.

ப்ராஜெக்ட்டுக்கு முதல்ல சினாப்சிஸ் எழுதி, கைடு கையெழுத்து வாங்கி, ஒப்புதலுக்கு அனுப்பணும். எனக்குக் கைடா இருக்கச் சம்மதிச்ச சார்கிட்ட, "லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் பண்ணவா சார்?"னு கேட்டேன். அவர் சிரிச்சார். "அதை ஊர்ல எல்லாரும் பண்ணியாச்சும்மா. நீங்க காலையில இருந்து சாயங்காலம் வரை என்ன வேலை பார்க்குறீங்க?"

"ரப்பர் கணக்கு எழுதுறேன் சார்."

"அப்போ அதைப் பண்ணுங்க."

எங்க கடைக் கணக்கு எப்படின்னா, சின்னச் சின்னத் தோட்டக்காரங்க ஷீட் கொண்டு வருவாங்க. தரம் பார்த்து, ஈரத்துக்குக் கழிச்சு, எடை போட்டு, அன்னைக்கு விலையில பணம் கொடுக்கணும். கோட்டயத்துல இருக்கிற ரப்பர் போர்டு தினமும் விலை வெளியிடுது. அதைப் பார்த்துதான் கடை விலையும் ஏறும், இறங்கும். மழைக்காலத்துல பால் வெட்டு நடக்காது. அப்போ முன்பணம் வாங்கிட்டுப் போவாங்க, அப்புறம் ஷீட் போட்டுக் கழிப்பாங்க. இதெல்லாம் நாலு தடிமனான நோட்டுல இருந்தது.

மகனுக்குப் பிளஸ் டூவுல அரசு கொடுத்த லேப்டாப், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். இதுதான் என் ஆயுதம். திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அவருக்கும் வியாபாரம் இல்லை. அன்னைக்கு ராத்திரிச் சமையல் அவர் பொறுப்பு. அப்படி நாலு மாசத்துல புரோகிராம் ஓட ஆரம்பிச்சுது. முதலாளி அண்ணாச்சிகிட்டக் கேட்டு, நோட்டுலயும் எழுதி, கம்ப்யூட்டர்லயும் ஏத்திப் பார்த்தேன்.

மூணாவது வாரம் ஒரு பாட்டி வந்தாங்க. முன்பணம் ரெண்டாயிரம் வாங்கினவங்க. முந்தின வாரம் 12 கிலோ ஷீட், கிலோ 170-ன்னு போட்டிருந்தாங்க. 2,040 ரூபாய். கடன் தீர்ந்து நாங்கதான் 40 ரூபாய் கொடுக்கணும். அன்னைக்கு விலை 162-க்கு இறங்கியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தா, பாட்டி 56 ரூபாய் பாக்கின்னு காட்டுது!

"மக்களே, நான் பாக்கியெல்லாம் தீர்த்தாச்சே"ன்னு பாட்டி சொன்னப்போ என் கை நடுங்கிடுச்சு. நோட்டு இல்லாம இருந்திருந்தா நான் கம்ப்யூட்டரைத்தான் நம்பியிருப்பேன்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தப்போ தப்பு புரிஞ்சுது. ஒரே தகவலை ரெண்டு இடத்துல வைக்கக் கூடாதுன்னு டேட்டாபேஸ் பாடத்துல நார்மலைசேஷன்னு படிச்சோம் இல்லையா? அதை அரைகுறையாப் புரிஞ்சுக்கிட்டு, விலையை ஒரே டேபிள்ல, ஒரே வரியில வச்சிருந்தேன். தினமும் அதையே மாத்துவேன். எடையை மட்டும் கொள்முதல் டேபிள்ல வச்சேன். அதனால இன்னைக்கு விலை மாறினா, போன வாரக் கணக்கும் சேர்ந்து மாறுது. 12 கிலோவை 162-ஆல பெருக்கினா 1,944. அதான் 56 ரூபாய் பாக்கி.

இன்னைக்கு விலை வேற, அன்னைக்குப் பேசி வாங்கின விலை வேற. அது ரெண்டு தனித்தனித் தகவல். ஒவ்வொரு கொள்முதல் வரியிலயும் அன்னைய விலையைச் சேமிக்கணும். வேடிக்கை என்னன்னா, எங்க நோட்டுல ஒவ்வொரு வரிக்கும் 'விலை'ன்னு ஒரு கட்டம் வருஷக்கணக்கா இருக்கு. எழுதினது நானேதான். கம்ப்யூட்டர் படிச்ச திமிருல அதை வேண்டாத கட்டம்னு தூக்கிட்டேன்.

திருத்தினேன். மூணு வாரக் கணக்கையும் நோட்டோட வரி வரியா ஒத்துப் பார்த்தேன். இந்தத் தப்பை மறைக்காம, ரிப்போர்ட்ல டெஸ்டிங் பகுதியில அப்படியே எழுதினேன். பாட்டி பேர் மட்டும் போடலை.

வைவா அன்னைக்கு வெளியில எல்லாரும் என் மகன் வயசு. ஒரு பொண்ணு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, யாருக்குத் துணைக்கு வந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. உள்ள போனதும் முதல் கேள்வியே, "விலையை எதுக்கு ரெண்டு டேபிள்ல வச்சிருக்கீங்க?" இங்கிலீஷ்ல ஆரம்பிச்சுத் தமிழுக்கு வந்து, பாட்டி கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வச்சுட்டுக் கேட்டார். எட்டாயிரம் கொடுத்து வாங்கியிருந்தா, இந்தக் கேள்விக்கு என்கிட்ட என்ன பதில் இருந்திருக்கும்?

மார்க் பிரமாதமா ஒண்ணும் வரலை. ஆனா பாஸ். இன்னைக்கும் அதே கடையிலதான் இருக்கேன். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கு, வேற வேலைக்கும் எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பெரிய தலைப்பைத் தேடாதீங்க. விடை தப்பா வந்தா உங்களுக்கே தெரியுற விஷயத்தை எடுங்க. அம்மாவோட சீட்டுக் கணக்கு, மாமாவோட ஒர்க் ஷாப்பு, எதுவா இருந்தாலும் சரி. தப்பா வந்தா நேர்ல வந்து கேட்கிற ஆள் ஒருத்தராவது இருக்கணும்.

அந்தப் பாட்டி இப்பவும் ஷீட் கொண்டு வர்றாங்க. கணக்கு முடிஞ்சதும், "பெட்டி சொல்றது இருக்கட்டும் மக்களே, நோட்டையும் ஒருக்க பாத்துக்கோ"ன்னு சொல்வாங்க. நானும் பார்ப்பேன்.