வாடகை தராத குடித்தனக்காரர்

மார்டள்ளி ஊர்ப் பக்கம் தோட்டத்துக் குழாயை எலியோ அணிலோ கடித்துவிட்டால், பீய்ச்சியடிக்கிற தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். கடலடியில் கிடக்கும் குழாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே கைவரிசை காட்டுவது ஒரு சிப்பி! பெயர் மார்டீசியா. நம் கடற்கரைகளில் மரத்தைத் துளைக்கிற அதே சிப்பிதான். ஓட்டின் முன்பக்கம் அரம் மாதிரி இருக்கும். திருகித் திருகி உள்ளே போய்விடும். ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய்களில் அது ஓட்டை போட்டதை 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை விவரித்தது.

சரி, பிளாஸ்டிக்கில் அதற்கு என்ன சாப்பாடு? ஒன்றுமில்லை! கடல்நீரில் மிதக்கிற நுண்ணுயிர்கள்தான் உணவு. குழாய் வெறும் வீடு. வளர வளர உள்ளே வீட்டைப் பெரிதாக்கிக்கொள்ளும். வாசல் மட்டும் சின்னதாகவே இருக்கும்.

சின்ன ஓட்டைதானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உள்ளே ஒருத்தர் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம்!